இரண்டு மாடல்களும் ஒத்துக்கொண்டால் வெளியிட்டுவிடலாமா?

கேள்வி: கோயம்புத்தூரில் ஒரு சிறு நிறுவனத்தில் மென்பொருள் பொறியாளராக இருக்கிறேன். மோட்டார் பம்ப், உதிரி பாகங்கள் விற்கும் மொத்த வியாபாரிகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்து தருகிறோம். எங்களிடம் இருந்த மூத்த சோதனையாளர் வேலையை விட்டுப் போன பிறகு அந்த இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. "ஒரு ஏஐ மாடல் நிரல் எழுதட்டும், வேறொரு கம்பெனியின் மாடல் அதைச் சரிபார்க்கட்டும், இரண்டும் ஒத்துக்கொண்டால் வெளியிட்டுவிடலாம்" என்கிறார் மேலாளர். சரிபார்க்கும் மாடல் ஒவ்வொரு முறையும் பதினைந்து, இருபது குறைகளை அடுக்குகிறது. திருத்திக் கொடுத்தால் புதிதாக இன்னும் பதினைந்து சொல்கிறது. சில நாள் குறையே சொல்லாமல் "மிகச் சிறப்பாக எழுதப்பட்டுள்ளது" என்கிறது. அன்றுதான் எனக்குப் பயம் அதிகம். இந்த முறையை நம்பலாமா? மேலாளரிடம் எப்படிப் பேசுவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

பாராட்டு வந்த நாளில்தான் பயம் அதிகம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயம் நியாயமானது. அதை விட்டுவிடாதீர்கள்.

முதலில் நேரான பதில். ஒரு மாடல் எழுதியதை இன்னொரு மாடலிடம் காட்டுவது நல்ல பழக்கம், தொடருங்கள். "இரண்டும் ஒத்துக்கொண்டால் வெளியிடலாம்" என்ற விதியை மட்டும் இன்றே நிறுத்துங்கள். இரண்டாவது மாடல் சுட்டிக்காட்டும் குறைக்கு மதிப்பு உண்டு, ஏனென்றால் அதை நீங்கள் ஓட்டிப் பார்த்து உண்மையா என்று தெரிந்துகொள்ளலாம். அது தரும் சம்மதத்தை அப்படிச் சோதிக்க வழியில்லை.

ஏஐ வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த விஷயம் சோதிக்கப்பட்டிருக்கிறது. ஒரே தேவைக்குப் பலர் தனித்தனியாக நிரல் எழுதினால் ஒருவர் தவறும் இடத்தில் மற்றவர் தவறமாட்டார், ஆகவே பெரும்பான்மை சொல்லும் விடையை நம்பலாம் என்ற எண்ணம் அப்போது பரவலாக இருந்தது. ஜான் நைட், நான்சி லெவசன் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 1986-இல் முடிவை வெளியிட்டார்கள். வர்ஜீனியா பல்கலைக்கழகத்திலும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்திலும் மாணவர்கள் ஒரே தேவைக்கு 27 நிரல்களைத் தனித்தனியாக எழுதினார்கள். ஒவ்வொரு நிரலும் 10 லட்சம் உள்ளீடுகளில் ஓட்டிப் பார்க்கப்பட்டது. தனித்தனியாகப் பார்த்தால் பெரும்பாலானவை மிக நல்ல நிரல்கள். ஆனால் அவை தவறிய இடங்களைப் பார்த்தபோது, ஒன்றுக்கு மேற்பட்ட நிரல்கள் ஒரே உள்ளீட்டில் சேர்ந்து தவறியிருந்தன. தற்செயல் என்று தள்ளிவிட முடியாத அளவுக்கு அது அதிகமாக இருந்தது. கணக்கில் கடினமான இடம் எல்லோருக்கும் கடினமாகவே இருந்தது.

ஒருவரையொருவர் பாராமல் எழுதிய மனிதர்களுக்கே இந்த நிலை. இன்றைய பெரிய மொழி மாடல்கள் பெரும்பாலும் ஒரே இணையத்தையும், ஒரே திறந்த நிரல் களஞ்சியங்களையும் படித்து வளர்ந்தவை. ஒரே நோட்ஸை வைத்துப் படித்த இரண்டு மாணவர்கள் ஒரே தவறான விடையை எழுதினால், விடை இரண்டு பேப்பரிலும் இருக்கிறது என்பதற்காக மதிப்பெண் போடமாட்டோம். கம்பெனி வேறு என்பது ஓரளவு உதவும். நீங்கள் நினைக்கும் அளவுக்கு உதவாது.

உங்கள் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். கோயம்புத்தூர் வியாபாரி ஒருவர் ஒரு லட்சம் ரூபாய்க்கு, 18 சதவீத வரியுள்ள சரக்கை விற்கிறார். வாங்குபவர் பெங்களூரில் பதிவு செய்த நிறுவனம். ஆனால் "சரக்கை சேலத்தில் இருக்கும் என் வாடிக்கையாளரிடம் இறக்கிவிடுங்கள்" என்கிறார். உங்கள் ஊர் வியாபாரிகளுக்கு இது தினசரி நடப்பு. லாரி தமிழ்நாட்டை விட்டு வெளியே போகவில்லை. ஆகவே மாநிலத்துக்குள் நடந்த விற்பனை, மத்திய அரசுக்குப் போகும் சிஜிஎஸ்டி 9,000, மாநில அரசுக்குப் போகும் எஸ்ஜிஎஸ்டி 9,000 என்று போடத் தோன்றும். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வேறொருவரின் சொற்படி சரக்கை இன்னோர் இடத்தில் இறக்கினால், சொன்னவரின் முதன்மைத் தொழிலிடமே வழங்கல் இடம் (வரிக் கணக்கில் சரக்கு போய்ச் சேர்ந்ததாகக் கொள்ளும் இடம்) என்கிறது, மாநிலங்களுக்கு இடையிலான விற்பனைக்கு வரி போடும் ஐஜிஎஸ்டி சட்டத்தின் 10(1)(பி) பிரிவு. எனவே வழங்கல் இடம் கர்நாடகம். போட வேண்டியது ஐஜிஎஸ்டி 18,000.

இந்த நிரலை எழுதும் மாடல் என்ன செய்யும்? "டெலிவரி முகவரியின் மாநிலமும் விற்பவரின் மாநிலமும் ஒன்றா" என்று பார்த்து முடிவெடுக்கும் நிரலை எழுத வாய்ப்பு அதிகம். படிக்க அழகாக இருக்கும். மேலே ஒரு குறிப்பும் தெளிவாக எழுதியிருக்கும். சரிபார்க்கும் மாடலுக்கு நீங்கள் அந்த நிரலை மட்டும் கொடுத்தால், குறிப்பில் சொன்னதை நிரல் செய்கிறதா என்று அது பார்க்கும். செய்கிறது. சரி என்று சொல்லிவிடும். எழுதிய மாடலே சோதனைகளையும் எழுதியிருந்தால் அவையும் பச்சை விளக்கு காட்டும். எந்தத் தவறான புரிதலில் நிரல் பிறந்ததோ அதே புரிதலில்தான் சோதனையும் பிறந்தது.

இதில் இன்னொரு சிக்கலையும் கவனியுங்கள். இரண்டு விதத்திலும் பில்லின் மொத்தம் 1,18,000 ரூபாய்தான். கடையில் யாருக்கும் எதுவும் தெரியாது. பெங்களூர்காரர் தமிழ்நாட்டு சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரி வரவாக எடுக்க, அதாவது தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள, முடியாமல் போகும்போதுதான் விஷயம் வெளியே வரும். அதன்பின் வியாபாரி சரியான தலைப்பில் வரியை மறுபடி கட்டி, தவறாகக் கட்டியதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். வட்டி இல்லை என்று சட்டம் சலுகை தருகிறது. ஆனாலும் ஒரு சிறு வியாபாரியின் கையிருப்புப் பணம் அதுவரை முடங்கிக் கிடக்கும். அவர் உங்கள் மென்பொருளை நம்பி பில் போட்டவர்.

இங்கே இரண்டாவது மாடலைப் பயனுள்ளதாக மாற்றுவது எப்படி? அதற்கு நிரலைக் காட்டாதீர்கள். 10-ஆவது பிரிவின் வாசகத்தைக் கொடுங்கள். உங்கள் வியாபாரிகள் எப்படியெல்லாம் விற்கிறார்கள் என்பதை உங்கள் சொற்களில் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். "இந்த விதிப்படி, இந்த வியாபாரத்தில் வரக்கூடிய பில்களையும் ஒவ்வொன்றுக்கும் வர வேண்டிய வரியையும் எழுது" என்று கேளுங்கள். வரும் பட்டியலை உங்கள் கணக்காளரிடம் காட்டி, தவறானவற்றை அடித்துவிட்டு, மிச்சத்தை நிரலில் ஓட்டுங்கள். சேலத்து பில் அந்தப் பட்டியலில் இருந்தால் நிரல் அங்கே மாட்டிக்கொள்ளும். மாடல் அதே மாடல்தான். அதன் கையில் கொடுத்த பொருள் வேறு, கேட்ட வேலை வேறு. இரண்டு கம்பெனிகளின் மாடல்களை வைப்பதைவிட, இரண்டு மாடல்களுக்கும் வேறு வேறு ஆதாரங்களைக் கொடுப்பது அதிகம் உதவும் என்பது என் உறுதியான கருத்து.

ஓட்டிப் பார்க்க முடிந்ததை ஒருபோதும் கருத்தாகக் கேட்காதீர்கள். 2023-இல் நியூயார்க் ஃபெடரல் நீதிமன்றத்தில் ஏவியாங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் நடந்ததைப் படித்திருப்பீர்கள். சாட்ஜிபிடி கொடுத்த முன் தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் மனுவில் சேர்த்தார்கள். அப்படித் தீர்ப்புகளே கிடையாது. அவற்றில் ஒன்றைப் பற்றி "இது உண்மையான வழக்கா" என்று அதே சாட்ஜிபிடியிடம் கேட்டிருக்கிறார் அந்த வழக்கறிஞர்களில் ஒருவர். ஆம் என்றது, சட்டத் தரவுத்தளங்களில் கிடைக்கும் என்றும் சொன்னது. தரவுத்தளத்தைத் திறந்து தேடியிருந்தால் சில நிமிடத்தில் தெரிந்திருக்கும். நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். கேட்டது அதே மாடலிடம் என்பது ஒரு தவறு. ஆனால் வேறு மாடலிடம் கேட்டிருந்தாலும் கிடைத்திருப்பது இன்னொரு கருத்துதான். தேடிப் பார்க்க வேண்டியதைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

உங்கள் நிரலிலும் இப்படிப்பட்ட இடங்கள் உண்டு. ஜிஎஸ்டி சட்டத்தின் 170-ஆவது பிரிவு வரியை முழு ரூபாய்க்குக் கொண்டுவரும்போது 50 பைசாவும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு ரூபாயாக உயர்த்தச் சொல்கிறது. பைத்தான் என்ற நிரல் மொழியின் ரவுண்ட் கட்டளை அப்படிச் செய்வதில்லை. சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோகும். 413.50 சரியாக 414 ஆகும், 412.50 மட்டும் 412 ஆகிவிடும். ஒரு மாடல் இதைக் கவனித்துச் சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். 412.50-ஐ வைத்து ஒரு சோதனையை எழுதி ஓட்டினால் அது ஒவ்வொரு முறையும் சொல்லும்.

இனி அந்தப் பதினைந்து, இருபது குறைகள். "குறைகளைக் கண்டுபிடி" என்று கேட்டால் மாடல் குறைகளோடுதான் வரும். இல்லாவிட்டாலும் உண்டாக்கும். ஓபன்ஏஐ நிறுவனம் 2024-இல் கிரிட்டிக்ஜிபிடி என்ற மாடலைப் பற்றி எழுதியது. சாட்ஜிபிடி எழுதும் நிரலில் பிழை கண்டுபிடிப்பதற்காகவே பயிற்சி பெற்ற மாடல் அது. உண்மையான பிழைகளை நன்றாகவே பிடித்தது. கூடவே இல்லாத பிழைகளையும் சொன்னது. மனிதர் அதோடு சேர்ந்து வேலை செய்தபோது, மாடல் தனியாகச் செய்ததைவிடக் கற்பனைப் பிழைகள் குறைந்தன. அந்த வேலைக்கென்றே பயிற்றுவித்த மாடலுக்கே பக்கத்தில் ஆள் தேவைப்பட்டது என்பதை உங்கள் மேலாளருக்குச் சொல்லலாம்.

ஆகவே சரிபார்க்கும் மாடலிடம் ஒரு நிபந்தனை வையுங்கள். ஒவ்வொரு குறைக்கும் மூன்று விஷயங்களை அது தர வேண்டும்: எந்த உள்ளீட்டைக் கொடுத்தால் தவறும், என்ன விடை வர வேண்டும், இப்போது என்ன விடை வருகிறது. விடை இப்படி வர வேண்டும் என்பதற்கு எந்த விதி ஆதாரம் என்பதையும் சொல்ல வேண்டும். இவற்றைத் தர முடியாத குறைகள் தனியாக ஒரு கோப்புக்குப் போகட்டும். மாறியின் பெயர் நீளம், இந்த வரியை இப்படியும் எழுதலாம் என்பவை எல்லாம் அதில் சேரும். உள்ளீட்டோடு வந்ததை ஓட்டிப் பாருங்கள். தவறினால் அது பிழை. தவறாவிட்டால் அந்தக் குறையைத் தூக்கிப்போடுங்கள். உங்கள் பதினைந்து இந்த வடிகட்டலில் இரண்டு மூன்றாகச் சுருங்கும் என்பது என் அனுபவம். குறையே சொல்லாத நாளிலும் இதே போல, "எந்தெந்த உள்ளீடுகளை யோசித்துப் பார்த்தாய், எவற்றைப் பார்க்கவில்லை" என்று கேளுங்கள். பாராட்டைவிட அந்தப் பட்டியல் உங்களுக்கு வேலைக்கு ஆகும்.

திருத்தச் சுற்றுக்கும் எல்லை போடுங்கள். ஒரு மாடலின் குறையை இன்னொன்றிடம் அப்படியே கொடுத்தால் அது பெரும்பாலும் "நீங்கள் சொல்வது சரி" என்று பணிந்து திருத்திவிடும். குறை தவறாக இருந்தால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த நிரல் கெட்டுப்போகும். எழுதிய மாடலிடம் "இந்தக் குறை தவறு என்றால் காரணத்தோடு மறுத்துவிடு" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். இரண்டு சுற்றுக்கு மேல் இரண்டும் மாறி மாறிப் பேசினால் நிறுத்திவிட்டு நீங்களே உட்கார்ந்து படியுங்கள். அந்த இடத்தில் தேவையே தெளிவாக எழுதப்படவில்லை என்பது பல நேரம் தெரியவரும்.

சில சாய்வுகளும் உண்டு. மாடல்களை நடுவராக வைப்பது பற்றி 2023-இல் வந்த ஓர் ஆய்வு, இரண்டு விடைகளில் எது முதலில் வைக்கப்படுகிறது என்பதே தீர்ப்பை மாற்றக்கூடும், நீளமான விடைக்குச் சாதகம் கிடைக்கும் என்று காட்டியது. தன் எழுத்தைத் தானே உயர்த்தி மதிப்பிடும் போக்கை 2024-இல் வந்த வேறொரு ஆய்வு காட்டியது. அதே 2023 ஆய்வில் இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்வதுதான் நேர்மை: ஜிபிடி-4 கொடுத்த தீர்ப்புகள் மனிதர்களின் தீர்ப்போடு 80 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போயின, மனிதர்கள் தங்களுக்குள் ஒத்துப்போகும் அளவுக்கு. உங்கள் மேலாளரின் நம்பிக்கையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே கேட்கப்பட்டது எந்த விடை நன்றாக இருக்கிறது என்ற விருப்பம். உங்களுக்குத் தேவை எந்த வரி சட்டப்படி சரி என்பது. நடைமுறையில் நீங்கள் செய்ய வேண்டியது சிறியது: யார் எழுதியது என்று சொல்லாதீர்கள், எழுதிய மாடலின் விளக்கவுரையை நீக்கிவிட்டுக் கொடுங்கள், இரண்டு வடிவங்களை ஒப்பிட்டால் வரிசையை மாற்றி இன்னொரு முறை கேளுங்கள்.

மேலாளரிடம் பேசும்போது "ஏஐ வேண்டாம்" என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் காதை மூடிக்கொள்வார், தவிர அது உங்கள் நிலைப்பாடும் இல்லை. எண்ணோடு போங்கள். கடந்த காலத்தில் வாடிக்கையாளர்கள் புகார் செய்து நீங்கள் திருத்திய பழைய பிழைகளைத் தேடி எடுங்கள். அவற்றை ஒரு பிரதியில் மறுபடி நுழைத்து, சரிபார்க்கும் மாடலிடம் எதுவும் சொல்லாமல் கொடுங்கள். எத்தனையைப் பிடித்தது என்று குறியுங்கள். பிழையில்லை என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த நிரலையும் கலந்து கொடுத்து, எத்தனை இல்லாத குறை சொன்னது என்றும் குறியுங்கள். உங்கள் நிறுவனத்தின் நிரலில், உங்கள் மொழியில், உங்கள் வரிச் சட்டத்தில் இந்த முறை எவ்வளவு நம்பத்தக்கது என்பதற்கு வேறு எந்த ஆய்வும் இவ்வளவு தெளிவான விடை தராது. முடிவு மேலாளருக்குச் சாதகமாக வந்தால் அதையும் அப்படியே சொல்லுங்கள்.

அதன்பின் வேலையைப் பிரிக்கச் சொல்லுங்கள். அறிக்கையின் வடிவம், திரையின் அமைப்பு, பிடிஎஃப் அச்சு போன்றவற்றுக்கு இரண்டு மாடல்களே போதும். தவறினால் கண்ணுக்குத் தெரியும், திருத்திவிடலாம். வரிக் கணக்கு, இருப்பு, வசூல், இன்வாய்ஸ் எண் இந்த நான்கிலும் ஒரு மனிதர் படித்துத் தன் பெயரைப் பதிந்த பிறகே வெளியீடு. இன்வாய்ஸ் எண்ணை ஏன் சேர்க்கிறேன் என்றால், அது 16 எழுத்துக்கு மிகாமல், தொடர் எண்ணாக, ஒரு நிதியாண்டில் திரும்ப வராமல் இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டு கவுண்டர்களில் ஒரே நொடியில் பில் போட்டால் ஒரே எண் இரண்டு முறை வருகிறதா என்பது நிரல் கோப்பில் மட்டும் இருக்காது, தரவுத்தள அமைப்பையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். நீங்கள் காட்டாத கோப்பை மாடல் பார்க்க முடியாது. நிதியாண்டு முடியும் மார்ச் 31 இரவில் கடை திறந்திருக்குமா என்பதும் அதற்குத் தெரியாது.

பெயரைப் பதிபவருக்கு நேரம் கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே கேளுங்கள். ஒரே நாளில் ஆயிரக்கணக்கான நிரல் வரிகளை ஒருவர் முன் கொட்டி, மாலைக்குள் கையெழுத்து வாங்கினால் அது சரிபார்ப்பே ஆகாது. பின்னால் தவறு வந்தால் பழியை உங்கள் மேல் வைக்கும் ஏற்பாடாக மட்டும் அமைந்துவிடும். அதற்கு நீங்கள் ஒப்புக்கொள்ளக் கூடாது என்றே சொல்வேன். மாடல் எழுதும் மாற்றங்களைச் சிறு சிறு துண்டுகளாக வாங்கினால், படிப்பதும் நடக்கிற காரியமாக இருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று. இரண்டு மாடல்களுக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் இரண்டு நிறுவனங்களின் சர்வர்களுக்குத் தரவு போகிறது. வாடிக்கையாளரின் பெயர், ஜிஎஸ்டி எண், தொலைபேசி எண் உள்ள உண்மையான பில்களைச் சோதனைக்கு ஒட்டாதீர்கள். போலி விவரங்களில் ஒரு தொகுப்பு தயாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையை விட்டுப் போன உங்கள் மூத்த சோதனையாளர் இன்னும் தொலைபேசியில் பேசக்கூடியவராக இருந்தால், ஒரு மாலை நேரம் அவரிடம் கேட்டுப் பாருங்கள். எந்த வியாபாரி எப்படி பில் போடுவார், எந்த மாதத்தில் என்ன புகார் வரும், எந்தத் திரையில் எதை அழுத்தினால் கணக்கு மாறும் என்பதெல்லாம் அவர் மனத்தில் இருக்கும். நீங்கள் அவரோடு வேலை செய்தவர், கேட்டால் சொல்வார். அதை எழுதி வைத்து, சரிபார்க்கும் மாடலுக்குக் கொடுக்கும் அந்த ஒரு பக்கத்தோடு சேருங்கள். இப்படி அவர் நேரத்தை எடுத்துக்கொள்ளும்போது அதற்கு நிறுவனம் ஊதியம் தர வேண்டும் என்பதையும் மேலாளரிடம் கேளுங்கள்.